மண்சரிவில் முடிவான மொழிக் குடும்பம்

இந்த அவைக்குத் தலைமை ஏற்று, யாக்மயிர்த் தொப்பியைச் சற்றே சாய்த்து வைத்து, 'இவன் எதைச் சொல்லி மானத்தை வாங்கப் போகிறானோ' என்ற கலக்கத்தோடு என்னைக் கடைக்கண்ணால் கவனித்துக்கொண்டிருக்கும் ஊர்ச்சபைத் தலைவர், ஷெர்துக்பென் மக்களின் செல்வாக்கு மிக்க சிங்கம், என் மனைவியின் தாய்மாமன், மாண்புமிகு கெசாங் தோங்தோக் அவர்களே!

மலையேறி, ஆறு கடந்து, காட்டுவழி நடந்து வந்து, ஒலிபெருக்கி இல்லாமலே என்னைவிட உரக்கப் பேசும் ஆற்றலோடு அவருக்கு அருகே அமர்ந்திருக்கும் புரோயிக் மக்களின் பஞ்சாயத்து உறுப்பினர், பெருமதிப்புக்குரிய பாச்சி சோஜா அவர்களே!

அறிவில் முதிர்ந்து, அன்பில் கனிந்து, இந்தக் குளிரிலும் முன்வரிசையை யாருக்கும் விட்டுக்கொடுக்காத பெரியோர்களே! விடியலிலேயே அடுப்பை மூட்டி, சோளம் வேகவைத்து, புளித்த சோயாவை அரைத்து, இன்று ஒருவரையும் பசியோடு அனுப்புவதில்லை என்று உறுதி பூண்டு நிற்கும் தாய்மார்களே! எங்கள் பூகுன் ஊருக்கு விருந்தாளிகளாக வந்து, வீட்டுக்காரர்களைப் போலச் சத்தம் போட்டுக்கொண்டிருக்கும் மும்மொழி மக்களே! உங்கள் அனைவருக்கும் இந்தோ ஃபின்யாவின் இருகரம் குவித்த வணக்கம்!

என்ன? யாரது அங்கே, கம்பத்துக்குப் பக்கத்தில்? "சுருக்கமா பேசு" என்கிறீர்களா? ஐயா, எங்கள் வீட்டில் பேசும் உரிமை என் மனைவிக்கு. ஆண்டுக்கு ஒருமுறை, தாய்மொழித் திருநாளில், இந்த மேடையில்தான் எனக்கு வாய் திறக்க வாய்ப்பு. அதையும் பறிப்பீர்களா?

நண்பர்களே! இன்று நாம் எதற்குக் கூடியிருக்கிறோம்? நம் மூன்று மொழிகளையும் பள்ளியில் சொல்லித் தரப் போகிற ஆசிரியர்கள், ஒரே கூரையின் கீழ், ஒரே வகுப்பாக, இன்று பயிற்சியைத் தொடங்குகிறார்கள். இந்தக் காட்சியை நாம் எளிதில் அடைந்தோமா? இல்லை. இதற்காக ஒரு பெண் தன் திருமணத்தையே பணயம் வைத்தாள். அந்தத் திருமணத்தின் மாப்பிள்ளை நான்! ஒரு மொழிக் குடும்பம் முடிவாகாததால் தன் குடும்பம் தொடங்காமல் நின்றுபோன மனிதன் என்னைத் தவிர இந்த உலகத்தில் வேறு எவனாவது இருந்தால், அவனை இந்த மேடைக்கு அழைத்து வாருங்கள். கட்டிப்பிடித்துக் கண்ணீர் விட வேண்டும்!

அந்தப் பெண்தான் லேகி வாங்மு. கெர்தாங் ஊர்ப் பெண். ஷெர்துக்பென் பெண். குவாஹாட்டிக்குப் போய் மொழியியல் படித்தாள். படித்தவள் ஒரு கேள்வியோடு திரும்பி வந்தாள். சீனமும் திபெத்தும் பர்மியமும் ஒரே கூரையின் கீழ் வாழும் மாபெரும் மொழிமாளிகையிலே, நமக்கு எந்த அறை? பெரிய மொழிகளுக்கெல்லாம் பெரிய பெரிய அறைகள். நம்முடைய சின்னஞ்சிறு மொழிகளுக்கோ, 'இடம் இன்னும் தெரியவில்லை' என்று வாசற்படியில் ஒரு பாய்! ஷெர்துக்பென்னும் பூகுனும் புரோயிக்கும் உடன்பிறப்புகளா? அல்லது ஒரே மலையில் குடியிருந்ததால் ஒருவர் சொல்லை ஒருவர் இரவல் வாங்கிக்கொண்ட அண்டை வீட்டுக்காரர்களா? இதுதான் அவள் கேள்வி.

அவள் எங்கள் வீட்டுக்கு முதன்முதலில் வந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அம்மா தேநீர் கொடுத்தார். குடித்துவிட்டு, மிகுந்த மரியாதையோடு அவள் கேட்டாள்.

"அத்தை, பேனுக்கு உங்க மொழியில என்ன சொல்வீங்க?"

அம்மா கோப்பையைப் பிடுங்காத குறை. "என் தலையில பேன் இருக்குன்னு எவ சொன்னது?"

"ஐயோ, இல்ல அத்தை. எந்த ஊர்ப் பேனும் சந்தையில விலைக்கு வராது இல்லையா? அதான் பேனோட பேரையும் யாரும் வெளியில இருந்து வாங்க மாட்டாங்க. பழைய சொல் அப்படியே இருக்கும்."

"அப்ப உன் தலையில இருக்கிறதக் கேட்டுக்கோ. என் தலையில ஒண்ணும் கிடையாது."

அன்றைக்கே நான் முடிவு செய்துவிட்டேன். அம்மாவிடம் பேனைப் பற்றிக் கேட்டுவிட்டு உயிரோடு வெளியே போன ஒரே பெண் இவள்தான். இவளைத்தான் மணக்க வேண்டும்! சிரிக்கிறீர்கள். முதல் வரிசையில் ஒருவர் சிரிக்கவில்லை. அவரை நான் வீட்டில் சமாளித்துக்கொள்கிறேன்.

கெசாங் மாமாவுக்கு அப்போது மருமகளின் ஆராய்ச்சியில் அளவற்ற மகிழ்ச்சி. ஷெர்துக்பென் மக்கள் திபெத் அரச வழி வந்தவர்கள் என்று அவருடைய முன்னோர் சொல்லியிருந்தார்கள். "எங்க பொண்ணு படிச்சு முடிச்சு, நம்ம மொழி ராஜாவோட மொழின்னு எழுதப் போறா" என்று சந்தையில் சந்தித்தவரிடமெல்லாம் சொல்லி வைத்தார். எழுதி முடிப்பதற்கு முன்பே ஊர்மண்டபத்தில் கூட்டம் கூட்டினார். மூன்று மக்களுக்கும் அழைப்பு. லேகி எழுந்து, மொழிகளைக் கிளைகளாக வரைந்த மரப்படத்தை விரித்து, தன் முடிவைச் சொன்னாள்.

என்ன சொன்னாள்? அரசமொழி என்றாளா? ஆகாயமொழி என்றாளா? "நம் மொழியும் பூகுன் மொழியும் புரோயிக் மொழியும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்" என்றாள்.

அந்த நாளிலே புரோயிக் மக்களை எங்கள் பக்கத்துப் பெருமக்கள் எந்தக் கண்ணால் பார்த்தார்கள் என்று நான் சொல்ல வேண்டுமா? விருந்துக்குக் கூப்பிடுவார்கள்; வெளியே உட்கார வைப்பார்கள். வேலைக்குக் கூப்பிடுவார்கள், பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். அவர்களோடு உடன்பிறப்பா?

மாமா எழுந்தார். அவையைப் பார்த்தார். கடைசி வரிசையில் இருந்த பாச்சி அம்மாவைப் பார்த்தார். தம் மொழியிலே, தங்கு தடையில்லாமல், நீண்டதொரு வாழ்த்துரை வழங்கினார். பிறகு இந்தியில் கேட்டார்.

"பாச்சி, நான் சொன்னதுல ஒரு வார்த்தையாவது புரிஞ்சுதா?"

"நீங்க வாழ்த்துனீங்களா வைதீங்களான்னே தெரியல" என்றார் பாச்சி.

மண்டபம் இடிந்து விழுவதுபோல் சிரிப்பு. மாமா கையை விரித்தார். "பாத்தீங்களா? கூடப்பிறந்தவங்களாம்! கூடப்பிறந்தவங்க பேசிக்கறதுக்கு இந்தி எதுக்கு?"

லேகி பதில் சொல்ல வாய் திறந்தாள். அதற்குள் பாச்சி அம்மாவே எழுந்துவிட்டார்.

"இரும்மா. அவருக்கு மட்டுமில்ல, எனக்கும் இது ஆகாது. உங்கிட்ட யாரு சொந்தம் கேட்டா? எங்க மொழி தனி மொழி. உலகத்துலயே அதுக்குக் கூட்டாளி கிடையாதுன்னு பெரிய படிப்பு படிச்சவங்களே சொல்லியிருக்காங்க. நேத்து வரைக்கும் காட்டு ஜனம், இன்னிக்குத் தங்கச்சியா? தங்கச்சின்னு எழுதிட்டு, தண்ணி எடுத்துட்டு வான்னு சொல்றதுக்கா?"

இரண்டு பக்கமும் எதிர்ப்பு! இடையிலே என் எதிர்கால மனைவி! எங்கள் பூகுன் மக்களை யாராவது ஒருவர், "உங்களுக்குச் சம்மதமா" என்று கேட்டார்களா? கேட்கவே இல்லை. நடுப்பிள்ளையின் விதி எங்கும் ஒன்றுதான்.

கூட்டம் கலைந்தபோது மாமா லேகியைத் தனியே அழைத்தார். நான் அருகில் இருந்தேன்.

"உனக்குக் கல்யாணத்துக்கு மாமன் வேணுமா, இல்ல அந்தக் கிளை வேணுமா? ரெண்டுல ஒண்ணச் சொல்லு."

"ரெண்டும் வேணும் மாமா."

"அப்ப காத்துக்கிட்டு இரு."

தாய்மாமன் வந்து நிற்காமல் அவர்கள் பக்கத்தில் எந்தப் பெண்ணுக்கு மாலை விழும்? நாள் குறித்த திருமணம் நின்றது. விருந்துக்குப் பேசி வைத்த பன்றிகள் பிழைத்தன. என் அம்மா, பேன் விவகாரத்தை மறந்து மருமகளாக மனதில் வரித்துவிட்டவர், லேகியிடம் கெஞ்சிப் பார்த்தார். "ஏம்மா, அந்தப் படத்துல ஒரு கிளைய மட்டும் வெட்டிட்டா என்ன? கல்யாணம் முடிஞ்சதும் ஒட்ட வெச்சுக்கோயேன்."

லேகி சிரித்தாள். கண்கள் மட்டும் கலங்கியிருந்தன. "அத்தை, நான் வரைஞ்சதாலயா அந்தக் கிளை முளைச்சுது? அது அங்கேயேதான் இருந்துச்சு."

அன்பர்களே, கோபத்தில் உறுதி காட்டுவது எளிது. கண்ணீர் வரும்போது உறுதி காட்டுவதற்குத் தனித் துணிவு வேண்டும். அந்தத் துணிவை நான் அன்று கண்டேன்.

இந்த நிலையில்தான் மாவட்டத் தலைமையிடமான பொம்திலாவிலிருந்து ஓர் அழைப்பு வந்தது. சிறு மொழிகளுக்குத் தனித்தனியே ஆசிரியர் பயிற்சி நடத்த முடியாது. ஒரே குடும்பத்து மொழிகள் சேர்ந்து கேட்டால், சேர்த்து நடத்தலாம் என்று மேலிடம் சொல்லியிருந்தது. கேட்பதற்கு லேகி போனாள். தடுப்பதற்கு மாமா போனார். தடுப்பதற்கே பாச்சி அம்மாவும் போனார். இவர்கள் மூவரும் ஒருவரையொருவர் கொன்றுவிடாமல் பார்த்துக்கொள்ள நான் போனேன். அன்றைக்கு ஓடியது ஒரே ஒரு சுமோ. மாமா முன்னிருக்கையில். பாச்சி அம்மா நடுவில். நாங்கள் பின்னால். வண்டிக்குள் நிலவிய அமைதியை வெட்டி எடுத்தால் வீடு கட்டலாம்!

பாதி வழியில் மலைக்கே எங்கள் மௌனம் பொறுக்கவில்லை போலும். மண் சரிந்தது. முன்னால் பாறை, பின்னால் வண்டிகளின் வரிசை. மண்ணள்ளும் இயந்திரம் அடுத்த சரிவைச் சரிசெய்துவிட்டுத்தான் வரும் என்றார்கள். எல்லோரும் இறங்கிச் சாலையோரம் உட்கார்ந்தோம். வெயில் ஏறியது. மாமாவுக்குத் தாகம். பின்னால் திரும்பாமலே லேகியிடம் தம் மொழியில் தண்ணீர் கேட்டார்.

பாச்சி அம்மாவின் காது நிமிர்ந்தது. "இப்ப என்ன கேட்டீங்க?"

"கோ கேட்டேன். கோன்னா தண்ணி. ஏன்?"

"ஒண்ணுமில்ல. நாங்க குவான்னு சொல்வோம்."

"நாங்களும் கோதான்" என்றேன் நான். நடுப்பிள்ளை வாய் திறந்தால் யார் கவனிக்கிறார்கள்?

மாமா முகத்தைத் திருப்பினார். "ஒரு தண்ணி ஒத்துப் போனா ஆச்சா?"

"அதானே!" என்றார் பாச்சி அம்மா. வாழ்க்கையில் முதல்முறையாக இருவருக்கும் கருத்து ஒத்துப்போயிற்று. "நெருப்ப எடுத்துக்கோங்க. நாங்க பைன்னு சொல்வோம். நீங்க வேற ஏதாவது சொல்வீங்க. என்ன சொல்வீங்க?"

மாமா தொப்பியைச் சரிசெய்தார்.

"சும்மா சொல்லுங்க. என்ன?"

"பா" என்றார், பல்லைக் கடித்துக்கொண்டு.

எங்கள் சொல் 'போய்'. அதையும் சொன்னேன். இந்தத் தடவை எல்லோரும் கவனித்தார்கள்.

லேகி தண்ணீர்ப் புட்டியை மாமாவிடம் நீட்டினாள். "மாமா, கோம்பா மடத்துல லாமா அவரோட திபெத்து மொழியில தண்ணிக்கு என்ன சொல்வாரு?"

"சூ."

"நெருப்புக்கு?"

"மே."

"ஒண்ணு ரெண்டு மூணுல, அவரோட மூணு?"

"சும்."

"நம்ம மூணு?"

"உங்" என்றார் மாமா. குரல் இறங்கிவிட்டது.

"எங்களது இம்" என்றார் பாச்சி அம்மா. என்னைப் பார்த்தார். "எங்களுக்கும் இம்தான்" என்றேன்.

"அப்ப நாம திபெத்துக்கு ஒண்ணுமே இல்லையா? பூசை வார்த்தை, புத்தக வார்த்தை எல்லாம் ஒண்ணா இருக்கே" என்றார் மாமா. அவர் குரலில் சண்டை இல்லை, நண்பர்களே. கையிலிருந்த ஒன்று நழுவிப் போகும்போது மனிதனுக்கு வருகிற குரல் அது.

லேகி அவர் காலடியில் உட்கார்ந்தாள். "இருக்கு மாமா. பெரிய வீட்டுல தூரத்துச் சொந்தம்தான். ஆனா பூசை வார்த்தை லாமாங்களோட வந்துச்சு. சந்தையில வாங்கின சட்டை மாதிரி. நல்ல சட்டைதான், அழகாத்தான் இருக்கு. ஆனா தோலு நம்மளோடது இல்லையா? தண்ணி, நெருப்பு, ரத்தம், எலும்பு, பேன், இதெல்லாம் தோலு. இன்னொண்ணு மாமா. அப்படியே ஒண்ணா இருக்கிற வார்த்தைய நான் நம்பறதே இல்ல. கடன் வாங்கின வார்த்தைதான் அப்படியே இருக்கும். கூடப்பிறந்த வார்த்தை மாறியிருக்கும். மாறினாலும் ஒரு ஒழுங்கோட மாறியிருக்கும்."

கேட்டீர்களா அவையோரே? ஒன்றாக இருப்பதா உறவு? ஒழுங்காக மாறியிருப்பது உறவு! அண்ணன் முகமும் தங்கை முகமும் அச்சு அசலா? இல்லையே! ஆனாலும் பார்த்தவுடன் தெரிகிறதே!

பாச்சி அம்மா விடுவாரா? "இதெல்லாம் நீ எங்க ஊருக்கு வந்து கேட்டு எழுதிக்கிட்டுப் போன வார்த்தைங்க. கேட்டதையே திருப்பிச் சொன்னா வித்தையா? நீ கேட்காத வார்த்தை ஒண்ணு சொல்றேன். உங்க மாமா அவரு வார்த்தையச் சொல்லட்டும். அத வெச்சு எங்க வார்த்தை என்னன்னு நீ சொல்லு. சொல்லிட்டா ஒத்துக்கறேன்."

"ஆமாம், அப்படிக் கேளு!" என்றார் மாமா.

சாலையில் நின்றவர்கள் எல்லோரும் கூடிவிட்டார்கள். ஓட்டுநர்கள், ரோடு வேலைக்காரர்கள், முட்டைக்கோசு ஏற்றி வந்தவர்கள், எல்லோரும்.

"கரடி" என்றார் பாச்சி அம்மா.

மாமா தம் சொல்லைச் சொன்னார். லேகி கண்ணை மூடி யோசித்து ஒரு சொல்லைச் சொன்னாள்.

"தப்பு!" என்று கை தட்டினார் பாச்சி அம்மா. "தப்பு!" என்று மாமாவும் கை தட்டினார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். உறவு இல்லை என்று நிரூபித்த மகிழ்ச்சியிலே உறவாகிக்கொண்டிருக்கிறார்களே என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. கல்யாணம் கரடியோடு போயிற்று என்றுதான் தோன்றியது!

லேகி அசரவில்லை. "அக்கா, காட்டுல கரடியோட பேரச் சொன்னா வந்துரும்னு, உங்க ஆளுங்க வேற பட்டப்பேரு வெச்சுக் கூப்பிடறதில்லையா?"

பாச்சி அம்மாவின் சிரிப்பு சற்றுக் குறைந்தது. "ஆமா. கூப்பிடுவோம்."

"அப்ப நீங்க சொன்னது பட்டப்பேரு. இன்னொரு வாய்ப்புக் குடுங்க."

பாச்சி அம்மா யோசித்தார். அவர் முகத்தில் ஒரு குறும்பு பரவியது. ஒரு வார்த்தையை இந்தியில் சொன்னார்.

தாய்மார்களே! நீங்கள் என்னை மன்னிக்க வேண்டும். அது என்ன வார்த்தை என்று நான் இந்த மேடையில் சொல்லப் போவதில்லை. உட்கார உதவும் ஓர் உறுப்பு என்ற அளவில் நிறுத்திக்கொள்கிறேன். படித்த பெண், பண்பான பெண், இதை எவரிடமும் போய்க் கேட்டிருக்க மாட்டாள் என்பது பாச்சி அம்மாவின் கணக்கு. கணக்கு சரி. லேகி கேட்டிருக்கவில்லை.

"மாமா, நம்ம வார்த்தை?" என்றாள்.

"என்னடி இது? மாமன்கிட்ட கேட்கற கேள்வியா?"

"மாமா, ஆராய்ச்சி."

மாமா சுற்றிலும் பார்த்தார். தொப்பியைக் கழற்றி வாயை மறைத்துக்கொண்டு, அவள் காதருகே குனிந்து சொன்னார். லேகி சற்று நேரம் உதட்டை அசைத்துப் பார்த்தாள். பிறகு எழுந்து நின்றாள். தாய்மாமன் முன்னிலையில், மணக்கப் போகிறவன் முன்னிலையில், முட்டைக்கோசு வண்டிக்காரர்கள் முன்னிலையில், கீழே ஓடும் தெங்கா நதி முழுவதும் கேட்க, அந்தச் சொல்லைப் புரோயிக் மொழியிலே முழங்கினாள்!

பாச்சி அம்மா வாயைப் பொத்தினார். தோள் குலுங்கியது. பிறகு வெடித்தது சிரிப்பு. கண்ணில் நீர் வழியச் சாலையிலேயே உட்கார்ந்துவிட்டார். "ஏய்! இத உனக்கு யாருடி சொல்லிக் குடுத்தா?"

"யாரும் இல்லக்கா. மாமா வார்த்தை இப்படி முடிஞ்சா, உங்க வார்த்தை எப்பவும் அப்படித்தான் முடியும்."

மாமாவும் சிரித்தார். தொப்பிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தார். தலைவர் அவர்களே, இப்போதும் அதே தொப்பிக்குள்தான் இருக்கிறீர்கள்! வெளியே வாருங்கள்!

சிரிப்பு அடங்கியதும் பாச்சி அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டார். "சரி. உன் கணக்கு சரின்னே வெச்சுக்கறேன். ஆனா நான் யாருக்கும் தங்கச்சி ஆகமாட்டேன்."

"நீங்க எப்படித் தங்கச்சி ஆவீங்க? என் கணக்குப்படி முதல்ல வீட்ட விட்டுத் தனியாப் போனது உங்க மொழிதான். அப்புறம் இவங்க பூகுன். மாமாவோடது மலைக்கு அந்தப்பக்கம் கிட்டத்தட்ட இதே மொழி பேசற ஊர்க்காரங்களோட ரொம்ப காலம் ஒண்ணா இருந்துட்டுக் கடைசியாப் பிரிஞ்சது. அதுக்காக மொழியில மூத்தது இளையதுன்னு..."

"நிறுத்து, நிறுத்து. முதல்ல தனிக்குடித்தனம் போனது யாரு?"

"நீங்க."

"அப்ப மூத்தவ நான்!"

"அக்கா, மொழியில அப்படியெல்லாம்..."

"மூத்தவ நான்!" முடிந்தது. அதற்கு மேல் எந்த மொழியியல் அவரிடம் எடுபடும்?

பிறகு அவர் குரல் மாறியது. மாமாவை நேராகப் பார்த்தார். "உங்க ஊர்ல எங்களுக்கு ஒரு பழைய பேரு வெச்சிருந்தீங்க. ஞாபகம் இருக்கா?"

அந்த இழிபெயர் என்ன என்று அங்கே நின்ற எங்களுக்கு எல்லாம் தெரியும். இங்கே இருப்பவர்களுக்கும் தெரியும். அதை நான் சொல்ல மாட்டேன். முன்பு ஒரு சொல்லைச் சொல்லாமல் விட்டதும் வெட்கத்தால்தான்; இந்த வெட்கம் வேறு வகை.

மாமா தொப்பியை மடியில் வைத்தார். "இருக்கு. நானும் சொல்லியிருக்கேன்."

"என் காதாலயே கேட்டிருக்கேன்."

மாமா அவர் பக்கம் முழுதாகத் திரும்பினார். பேசியபோது நாற்காலியில் உட்கார்ந்து பேசுகிற தலைவரின் குரல் இல்லை. "இனிமே எங்க ஊர்ல எவனாவது அந்தப் பேரச் சொன்னான்னா, என்னச் சொன்னதா எடுத்துக்கறேன். பதிலும் நானே குடுத்துக்கறேன்."

பாச்சி அம்மா தலையை ஆட்டினார். நன்றி சொல்லவில்லை. ஏன் சொல்ல வேண்டும்? தம் கூடையைத் திறந்தார். காட்டுப்பனையின் தண்டை இடித்து எடுத்த மாவில் சுட்ட அடை, சுட்ட இறைச்சி. எனக்கும் லேகிக்கும் கொடுத்தார். மாமாவுக்கும் ஒன்றை நீட்டினார். நீட்டிய கை நின்றது. ஊர்ச்சபைத் தலைவர் ஒருவர் புரோயிக் கூடையிலிருந்து வாங்கிச் சாப்பிட்டதை அதற்கு முன் நான் கண்டதில்லை. மாமா வாங்கினார். கடித்தார். மென்றார். பசி வந்தால் பத்தும் பறக்கும் என்பார்கள். அன்று பறந்தவை பத்தல்ல, பரம்பரை பரம்பரையாகச் சேர்த்து வைத்திருந்த அத்தனையும்!

மென்று முடித்துக் கையை நீட்டினார்.

"அக்கா, இன்னொண்ணு குடு."

தட்டுங்கள்! இதற்குத் தட்டாமல் வேறு எதற்குத் தட்டுவீர்கள்?

இயந்திரம் வந்தது. வழி திறந்தது. பொம்திலாவில் அதிகாரி கேட்டார். "யாரோ எதிர்ப்புத் தெரிவிக்கப் போறதாச் சொன்னாங்களே?"

"நாங்கதான்" என்றார் மாமா. "வழியில மண்ணு சரிஞ்சுபோச்சு."

"மண்ணு சரிஞ்சதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

"சம்பந்தம்தான் சார்" என்றார் பாச்சி அம்மா. "அந்தப் பையனுக்கும் இந்தப் பொண்ணுக்கும். நீங்களும் வந்துருங்க."

மூவர் கையொப்பமும் ஒரே தாளில் விழுந்தது. அறுவடை முடிந்ததும் எங்கள் திருமணம். பிழைத்திருந்த பன்றிகள் மட்டும்தான் வருத்தப்பட்டன. தாய்மாமன் வந்து நின்றார். மூத்தவர் என்ற முறையில் தமக்கே முதலிடம் என்று பாச்சி அம்மா சண்டை பிடித்தார். இடத்தையும் பிடித்தார். இன்றைக்கும் தம்மைவிட வயதில் பெரிய இந்தத் தலைவரைத் 'தம்பி' என்றுதான் அழைக்கிறார். தலைவர் முறைத்துக்கொண்டே வருகிறார். ஆனால் வருகிறார்!

நண்பர்களே, கதை இங்கே முடிந்தது என்று சொல்லி இறங்கினால் உங்களுக்கும் சோறு சீக்கிரம் கிடைக்கும். ஆனால் என் மனைவி பொய்யைப் பொறுப்பவள் இல்லை. சென்ற மாதம் தூர தேசத்திலிருந்து ஓர் அறிஞர் வந்தார். லேகி எழுதியதை வரி வரியாகப் படித்திருந்தார். நல்ல மனிதர். "பூகுனையும் ஷெர்துக்பென்னையும் ஒத்துக்கொள்கிறேன். புரோயிக் விஷயத்தில் சான்று போதாது. பழைய இரவலாகவும் இருக்கலாம்" என்றார்.

யாருக்குக் கோபம் வந்தது தெரியுமா? கெசாங் மாமாவுக்கு! "எங்க அக்காவப் பத்தி எங்க ஊருக்கே வந்து பேசறியா?" என்று நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

லேகிதான் அவர் கையைப் பிடித்தாள். "உட்காருங்க மாமா. அவர் சொல்றது சரியாவும் இருக்கலாம்."

"என்னடி சொல்றே? கல்யாணத்தையே நிறுத்தினியே இதுக்காக!"

"அன்னிக்கு எனக்குத் தெரிஞ்ச உண்மைக்காக நின்னேன். நாளைக்கு வேற உண்மை தெரிஞ்சா அதுக்காக நிற்பேன். இன்னும் நிறைய வார்த்தை பார்க்கணும். அந்தப்பக்கத்து ஊர்களுக்கெல்லாம் போகணும்."

எல்லோரும் பாச்சி அம்மாவைப் பார்த்தோம். தனிமொழி என்று முதலில் முழங்கியவர் அவர். இப்போது அறிஞரே அதைத் தாம்பாளத்தில் வைத்துத் தருகிறார். எடுத்துக்கொள்வாரா? அவர் அறிஞரின் தட்டில் இன்னோர் அடையை வைத்தார்.

"தம்பி, நீங்க நல்லாப் பாருங்க. புத்தகத்துல சேர்த்தாலும் சரி, பிரிச்சாலும் சரி. உங்க வேலை அது. ஆனா நாங்க ஒண்ணா உட்கார்ந்து தின்னது வயித்துக்குள்ள போயாச்சு. அத எந்தப் புத்தகம் வந்து வெளிய எடுக்கும்?"

பெரியோர்களே! தாய்மார்களே! இதற்கு மேல் நான் என்ன பேச? ஆராய்ச்சி அதன் வழியில் நடக்கட்டும். கிளைகள் இடம் மாறட்டும், கோடுகள் திருத்தப்படட்டும். நம் மொழி நிலைப்பதற்கு அரசன் வழி வந்திருக்க வேண்டுமா? வேண்டாம். உலகத்தில் ஒப்பற்றதாக இருக்க வேண்டுமா? வேண்டாம். வீட்டில் சோறு பரிமாறும்போது பேசப்பட்டால் போதும். தொட்டிலருகே பேசப்பட்டால் போதும். சண்டை போடும்போதாவது பேசுங்கள், அதுவும் போதும்! இன்று பயிற்சிக்கு வந்திருக்கும் ஆசிரியர்களே, பிள்ளைகளுக்கு முதலில் அவர்கள் மொழியைச் சொல்லிக் கொடுங்கள். அடுத்த நாளே, பக்கத்து ஊர்க்காரனின் மொழியில் அவனைப் பெயர் சொல்லி, அவன் விரும்புகிற பெயர் சொல்லி, கூப்பிடக் கற்றுக்கொடுங்கள். மற்றவற்றையெல்லாம் அந்தப் பிள்ளைகளே பார்த்துக்கொள்வார்கள்.

பந்தி தயார் என்று தாய்மார்கள் கரண்டியை உயர்த்திக் காட்டுகிறார்கள். கரண்டிக்கு எதிராகப் பேசி வென்ற பேச்சாளன் எந்த மொழியிலும் இல்லை. பொறுமை காத்த தலைவருக்கும், என் பேச்சை இடைமறிக்காமல் இருந்து அருள்புரிந்த பாச்சி அம்மாவுக்கும், முதல் வரிசையில் கடைசியாகச் சிரித்துவிட்ட என் மனைவிக்கும், குளிரில் குந்தியிருந்து கேட்ட உங்கள் ஒவ்வொருவருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. இன்று மூன்று ஊர்க்காரர்களும் கலந்து உட்காருங்கள். பக்கத்தில் இருப்பவருக்குப் பரிமாறிவிட்டு உண்ணுங்கள். வணக்கம்!